இரண்டு சீட்டு, ஒரே பயணம்



மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய பகுதியில் மக்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவருகிறோம். அஸருக்குப் பிறகு தொடங்கும் வகுப்பு மஃரிப் பாங்குடன் முடியும். பிள்ளைகளை அழைத்துப்போக வருவோர் அந்த நேரத்தில் இரண்டொரு ஐயங்களைக் கேட்பதுண்டு. நகைச் சீட்டில் கட்டிய பணத்துக்கு ஜகாத் உண்டா, வாடகை வீட்டுக்குக் கொடுத்த முன்பணத்தை எப்படிக் கணக்கிடுவது என்பன போன்ற கேள்விகள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இவற்றுக்கு விடை சொல்லிப் பழகியதனால், எது கேட்கப்பட்டாலும் நம்மிடம் ஒரு விடை இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் நம்மை அறியாமலே உள்ளே குடியேறிவிட்டது. அதனால் நேர்ந்த ஒன்றை இங்கே எழுதுகிறோம். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டோம். "எழுதுங்கள் ஹஜ்ரத், பெயர் மட்டும் வேண்டாம்" என்றார்.

அவர் அடையாற்றில் வசிக்கும் பெரியவர். தி.நகரில் நெடுங்காலம் துணிக்கடை நடத்தி, அதை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இப்போது பேரனை மக்தபுக்கு அழைத்துவருவதையே அலுவலாகக் கொண்டவர். ஹஜ் செய்தவர் என்பதால் எல்லோரும் ஹாஜியார் என்றே அழைப்பர். கப்பல் என்றால் அவருக்குத் தனி ஈர்ப்பு. அவருடைய வாப்பா 'ரஜுலா' கப்பலில் மதராஸ் துறைமுகத்திலிருந்து பினாங்குக்குப் போய்வந்தவர். அந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்த ஹாஜியார், ஆயுளில் ஒரு முறையாவது கடலில் சில நாள் கழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அவருடைய மகள் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறார்; இளைய மகன் சியாட்டிலில். பெற்றோர் இருவரும் மகள் வீட்டில் மூன்று வாரம் தங்கிவிட்டு, கடல்வழியே வடக்கே போய், பிறகு மகனிடம் சேர்வது என்று திட்டம். கோடைக்காலத்தில் அலாஸ்காவில் ஓடும் உல்லாசக் கப்பல்கள் ஏப்ரல் இறுதியிலும் மே மாதத் தொடக்கத்திலும் தெற்கிலிருந்து வடக்கே இடம் மாறும். அப்படி ஒரு கப்பல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கனடாவின் வான்கூவருக்கு நான்கு நாளில் செல்கிறது. அதே கப்பல் அன்றே வான்கூவரிலிருந்து புறப்பட்டு, ஏழு நாளில் அலாஸ்காவின் விட்டியர் துறைமுகத்தை அடைகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பதிவு செய்தால், பெட்டியைக்கூடப் பிரிக்க வேண்டியதில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால் மருமகளுக்கும் இத்திட்டம் பிடித்திருந்தது.

மகளுக்கு மட்டும் சிறு ஐயம். ஒரே கப்பலில் இப்படி இரண்டு பயணங்களைச் சேர்ப்பதற்கு ஏதோ ஒரு சட்டம் தடை என்று யாரோ சொன்னார்களாம். தி.நகரிலுள்ள பயண முகவர், "இரண்டு பதிவு எண், இரண்டு ரசீது. யார் கேட்கப்போகிறார்கள்?" என்றாராம். ஹாஜியார் அதோடு நிற்காமல் நம்மிடம் வந்தார். "சட்டத்தை ஏமாற்றியதாக ஆகிவிடுமா ஹஜ்ரத்?" என்பது அவர் கேள்வி.

நாம் சிறிதும் தயங்கவில்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுவது குறித்து அல்-மாயிதா அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே வரும் கட்டளையை நினைவூட்டினோம். இரண்டு விலை, இரண்டு தேதி, இரண்டு ஒப்பந்தம். ஒவ்வொன்றும் தனித்தனியே நிறைவேறுகிறது. ஆகவே இதில் மறைப்பும் இல்லை, ஏமாற்றும் இல்லை, தாராளமாகப் பதிவு செய்யுங்கள் என்றோம். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை. முகவரின் சொல்லை நம்பாமல் வந்தவர், நம் சொல்லை நம்பிப் போனார்.

இரண்டு பதிவுகளையும் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. விட்டியரில் இறங்கியபின் அருகிலுள்ள ஆங்கரேஜ் நகரில் இரண்டு இரவு தங்க அறை, அங்கிருந்து சியாட்டிலுக்கு விமானச்சீட்டு என எல்லாம் வாங்கியாயிற்று. விலை குறைவு என்பதற்காகப் பணம் திரும்பக் கிடைக்காத வகையில் வாங்கினார்கள். நான்கு மாதம் கழித்துக் கப்பல் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. இரு பயணங்களும் சேர்ந்து அமெரிக்கப் பயணிகள் கப்பல் சட்டத்துக்கு முரணாக அமைவதால், இரண்டில் ஒன்றை ரத்து செய்தாக வேண்டும் என்றது கடிதம்.

அதன் பிறகுதான் நாம் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தோம். 1886இல் இயற்றப்பட்டது அது. அமெரிக்காவின் ஒரு துறைமுகத்தில் ஏற்றிய பயணியை அந்நாட்டின் வேறொரு துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கும் உரிமை, அமெரிக்காவில் கட்டப்பட்டு, அமெரிக்கருக்கு உடைமையாகி, அமெரிக்கக் கொடி ஏந்திய கப்பலுக்கு மட்டுமே உண்டு. கனடா எல்லையிலுள்ள பேரேரிகளில் ஓடிய படகுகளின் போட்டியிலிருந்து தம் நாட்டுப் படகுக்காரர்களைக் காப்பதே அன்றைய நோக்கம். மீறினால் பயணி ஒருவருக்கு 2 டாலர் அபராதம் என்று தொடங்கி, பின்னர் 200 டாலரானது. விலைவாசிக்கேற்ப உயர்ந்து இன்று 800 டாலரைக் கடந்துவிட்டது. அபராதம் விதிக்கப்படுவது கப்பல் நிறுவனத்துக்கு. ஆனால் அதைப் பயணியிடமே வசூலித்துக்கொள்ளலாம் என்று பயணச்சீட்டின் நிபந்தனைகளில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இன்றைய உல்லாசக் கப்பல்களோ பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளின் கொடியை ஏந்தியவை. ஹவாய்த் தீவுகளைச் சுற்றிவரும் ஒரு பெரிய கப்பலைத் தவிர மற்றப் பெருங்கப்பல்கள் எல்லாமே இச்சட்டத்தின் பார்வையில் அந்நியக் கப்பல்கள். அவை இச்சட்டத்துக்கு உட்பட்டு ஓடும் முறை சுவையானது. புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்புவதானால், வழியில் அருகிலுள்ள வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டால் போதும். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்த் திரும்பும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலைப்பொழுது நின்றுவருவது இதற்காகத்தான். ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி இன்னொன்றில் இறங்குவதானால் அருகிலுள்ள நாடு போதாது. தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் வேண்டும். கனடா, மெக்சிகோ, கரீபியத் தீவுகளில் பெரும்பாலானவை இக்கணக்கில் சேரா, தென்னமெரிக்கா சேரும். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பனாமா கால்வாய் வழியே மயாமி போகும் கப்பல்கள் கொலம்பியாவின் கார்ட்டஹேனாவில் நிற்பதன் காரணம் இதுவே. கொரோனாக் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது அலாஸ்காப் பயணங்களே நின்றுபோயின. 2021 மே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகமாக ஒரு விலக்குச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் கப்பல்கள் மீண்டும் ஓடின.

ஹாஜியாரின் இரு பயணங்களையும் தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் குற்றமில்லை. முதலாவது அமெரிக்காவிலிருந்து கனடா. இரண்டாவது கனடாவிலிருந்து அமெரிக்கா. ஆனால் அதே பயணி அதே கப்பலில் தொடர்ந்தால், சட்டம் சீட்டுகளை எண்ணுவதில்லை. முதலில் ஏறியது எங்கே, முடிவாக இறங்கியது எங்கே என்ற இரண்டையே கேட்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஏறி விட்டியரில் இறங்குகிறார். நடுவே தொட்டது வான்கூவர் மட்டும். வான்கூவரில் இறங்கி ஊரைச் சுற்றிவிட்டு மாலையில் அதே கப்பலில் ஏறினாலும் பயணம் ஒன்றுதான். வேறொரு கப்பலில் ஏறினால்தான் அது புதிய பயணம்.

இதைப் படித்த மறுநாள் மக்தபில் முஸாஃபிரின் தொழுகைப் பாடம். பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஹஜ்ரத், திண்டிவனம் போகிறவர் செங்கல்பட்டு வரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து பேருந்தில் போனால் கஸ்ரு உண்டா?" கேள்வியின் நுட்பம் வாசகர்களுக்குப் புரியும். கஸ்ருத் தொழுகைக்குரிய தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். சென்னையிலிருந்து செங்கல்பட்டும் அத்தனை தூரமில்லை, செங்கல்பட்டிலிருந்து திண்டிவனமும் அத்தனை தூரமில்லை. இரண்டையும் சேர்த்தால் தாராளமாகத் தாண்டிவிடும். நாம் வழக்கமாகச் சொல்லும் விடையைச் சொன்னோம்: "வண்டி மாறுவதால் பயணம் இரண்டாகிவிடாது. வீட்டிலிருந்து புறப்படும்போது எந்த ஊருக்கு நிய்யத் வைத்தாரோ அதுவரை ஒரே பயணம்தான். சீட்டு எத்தனை என்று ஃபிக்ஹு கேட்பதில்லை."

சொல்லிமுடித்த பிறகு சிறிது நேரம் பாடத்தைத் தொடர முடியவில்லை. ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொடுக்கும் ஒன்று, கேட்டவர் கடல்வழிப் பயணம் என்றதும் நினைவுக்கு வரவில்லையே! வழியில் பதினைந்து நாள் தங்க நிய்யத் வைத்தால் ஹனஃபி மத்ஹபிலும், போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள் தங்க நிய்யத் வைத்தால் ஷாஃபிஈ மத்ஹபிலும் பயணம் முறிகிறது. அதற்குக் குறைவாகத் தங்கினால் முறிவதில்லை. பயணத்தை எது முறிக்கும், எது முறிக்காது என்பதற்கு நம்மிடம் ஒரு முழுப் பாடமே இருக்க, ஒப்பந்தத்தின் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு விடை சொல்லியிருந்தோம். அமெரிக்கச் சட்டம் வேறு, ஷரீஅத் வேறு. ஒன்றன் அளவுகோல் மற்றதற்குப் பொருந்தாது. ஆயினும் "இது எந்தக் கணக்கில் ஒரே பயணம் ஆகிறது?" என்று கேட்கும் பழக்கமாவது நமக்கு இருந்திருக்க வேண்டும்.

அன்று மாலை ஹாஜியார் பேரனை அழைக்க வந்தபோது கோபமாக இருந்தார். கோபம் நம்மீது அன்று, சட்டத்தின் மீது. "இது என்ன அநியாயம் ஹஜ்ரத்? என் பணம், என் பயணம். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் படகுக்காரனுக்காகப் போட்ட சட்டம் என்னை ஏன் தடுக்கிறது?" என்றார். நமக்கு நினைவு வந்தது தூத்துக்குடி. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியதை நம் சமூகம் இன்றும் பெருமையாகச் சொல்கிறது. அந்தக் கப்பல்களை வீழ்த்த ஆங்கிலேய நிறுவனம் கொழும்புக்கான கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாக ஏற்றிச்செல்லவும், குடை கொடுக்கவும்கூட முன்வந்தது என்பர். சுதேசி நிறுவனத்தைக் காக்க அன்று ஒரு சட்டம் இல்லை. இருந்த அரசும் எதிர்ப்பக்கம் நின்றது. விடுதலை பெற்ற இந்தியா 1958இல் வணிகக் கப்பல் சட்டம் இயற்றியபோது, இந்தியத் துறைமுகங்களுக்கிடையே பயணியரையோ சரக்கையோ கொண்டுசெல்ல அந்நியக் கப்பல்கள் உரிமம் பெற வேண்டும் என்று எழுதியதை அந்த அனுபவத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் கடலோரக் கப்பல் போக்குவரத்துச் சட்டத்திலும் உரிமம் நீடிக்கிறது. அவர்கள் செய்தால் அநியாயம், நாம் செய்தால் பாதுகாப்பு என்று சொல்ல முடியுமா?

நம் கரையில் இதன் வேகம் பயணியைத் தொடுவதில்லை. உல்லாசக் கப்பல்களுக்கு அரசு பல ஆண்டுகளாகத் தளர்வு அளித்துவந்தது. 2022 ஜூன் மாதம் முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த சென்னை–விசாகப்பட்டினப் பயணமும், அடுத்த ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிய சென்னை–இலங்கைப் பயணமும் வாசகர்களில் சிலர் சென்றுவந்தவையாக இருக்கலாம். இங்கே கேள்வி கப்பலிடம் கேட்கப்படுகிறது. அங்கே ஒவ்வொரு பயணியின் முதல் ஏற்றமும் கடைசி இறக்கமும் எண்ணப்படுகின்றன. (சூதாட்டக் கூடமும் மதுவும் உள்ள கப்பலில் போகலாமா என்று கேட்போர் இருப்பீர்கள். அது வேறு கேள்வி. ஹாஜியாரும் அதைக் கேட்டுத்தான் போனார். அந்தத் தளங்களின் பக்கம் போகவில்லை என்கிறார்.)

ஹஜ் கப்பல்களுக்கும் இப்படிச் சட்டங்கள் இருந்தன. ஒரு வழிச் சீட்டோடு ஜித்தா போய்த் திரும்பப் பணமின்றி அங்கேயே தவித்த ஹாஜிகள் பலர். அதனால் 1920களில், திரும்பும் சீட்டையும் வாங்கியிருக்க வேண்டும், அல்லது அதற்கான தொகையைக் கட்டியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. மக்காவிலேயே மௌத்தாக விரும்பிப் போனவர்களுக்கு அவ்விதி இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கும். பம்பாய்த் துறைமுகத்தில் குடும்பத்தோடு நின்று போகும்போதே வரும் பயணத்துக்கும் பணம் எண்ணிக் கொடுத்த பாட்டன்மாரை ஹாஜியாரிடம் நினைவூட்டினோம். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கோபம் தணிந்திருந்தது.

முகவர் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுகளில் முகம்மது என்ற ஒரே பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வாப்பாவின் பெயர் ஒன்றில் முன்னால், மற்றொன்றில் பின்னால். ரத்தான பயணத்தை எழுத்துகளைச் சற்று மாற்றிப் புதிதாகப் பதிவு செய்தால், நிறுவனத்தின் கணினி இருவரையும் ஒருவராகக் காணாது என்றார் அவர். ஹாஜியார் அதை நம்மிடம் சொல்லிவிட்டு முகத்தையே பார்த்தார். முதல்முறை நாம் எளிதாகச் சொன்னதனால், இம்முறையும் எளிதாகச் சொல்வோம் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். இது பொய் என்றோம். முதலாவது நம் அறியாமை. இது அறிந்தே மறைப்பது. சீட்டின் நிபந்தனைகளை ஏற்று ஒப்பமிட்டபின் அந்நிபந்தனையை உடைக்கப் பெயரை மாற்றுவது, நாம் முதல்நாள் எடுத்துக்காட்டிய ஒப்பந்தக் கட்டளைக்கே எதிரானது என்றோம். அந்த வசனத்தை அவர் முன் இரண்டாவது முறை சொல்ல நமக்கு வெட்கமாக இருந்தது.

மகள் சட்டத்துக்கு உட்பட்ட வழியைக் கண்டார். லாஸ் ஏஞ்சல்ஸ்–வான்கூவர் பயணம் அப்படியே இருக்கட்டும். வான்கூவரில் இரண்டு நாள் தங்கி, வேறொரு கப்பலில் விட்டியர் போவது. கனடா விசா முன்பே எடுத்திருந்தார்கள்; இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் கப்பலில் போனாலும் அது வேண்டும், அமெரிக்க விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். ரத்தான பயணத்தின் கட்டணம் முழுமையாகத் திரும்பியது. ஆனால் இரண்டு நாள் தள்ளிப்போனதால் ஆங்கரேஜ் அறையும் விமானச்சீட்டும் வீணாயின. ஏறத்தாழ 58,000 ரூபாய்.

மக்தப் ஆசிரியர் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. இருந்தும், நம் விடையை நம்பி இழந்த பணம் அது. தவறான ஃபத்வாவால் பொருளிழப்பு நேர்ந்தால் ஈடு செய்ய வேண்டியவர் யார் என்று ஃபுகஹாக்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். இமாம் நவவீ அவர்கள் 'அல்-மஜ்மூஉ' நூலின் முன்னுரையில் அபூ இஸ்ஹாக் அல்-இஸ்ஃபராயினீ அவர்களின் கருத்தை எடுத்துரைக்கிறார். ஃபத்வா சொல்லத் தகுதியுள்ளவர் திட்டவட்டமான ஆதாரத்துக்கு மாறாகச் சொல்லியிருந்தால் அவர் ஈடு செய்ய வேண்டும். தகுதியற்றவரானால் அவர்மீது ஈடு இல்லை, ஏனெனில் அப்படிப்பட்டவரிடம் போய்க் கேட்டவரே கவனக்குறைவாக நடந்தவர். இரவில் அதைப் படித்தபோது நம் பணம் தப்பியது, வேறொன்றும் தப்பவில்லை. அமெரிக்கக் கப்பல் சட்டத்தில் நாம் எந்த வகையினர் என்பதில் ஐயத்துக்கே இடமில்லையே.

மறுநாள் ஓர் உறையில் 10,000 ரூபாய் வைத்துக் கொண்டுபோனோம். அடையாற்றில் அவர் வீட்டுக் கூடத்தில் அதை மேசைமேல் வைத்துவிட்டு, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டோம். ஹாஜியார் உறையைத் திருப்பித் தள்ளினார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "ஹஜ்ரத் சொன்னார் என்று நீங்கள் போட்டீர்கள். அந்த அமெரிக்காக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?" என்றார், கணவரைப் பார்த்து. இமாம் இஸ்ஃபராயினீ அவர்களின் கருத்து அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நாம் வியந்தோம். உறை அங்கும் இங்கும் நகர்ந்து, கடைசியில் மக்தபின் நூலகக் கணக்கில் சேர்ந்தது.

உண்மையில் அந்த ஒரு வார்த்தைதான். இத்தகைய பயணத்தைத் திட்டமிடும் குடும்பங்கள் இரு பதிவு எண்களையும் சேர்த்துக் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பி, "ஒருவரே இரண்டிலும் தொடர்ந்து போகலாமா?" என்று கேட்டு, விடை வந்தபிறகு விமானச்சீட்டை வாங்குங்கள். பதிவு ஏற்கப்பட்டதையே அனுமதியாகக் கொள்ள வேண்டாம். சரிபார்ப்பு மாதங்கள் கழித்தும் நடக்கிறது.

மே மாதத்தில் ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பிறகு ஹாஜியாரிடமிருந்து செய்தி வந்தது. இரண்டாவது கப்பலின் மேல்தளத்தில், பனிமலை பின்னணியில், கம்பளித் தொப்பியோடு கணவனும் மனைவியும் நிற்கும் படம். கஸ்ருத் தொழுகை சுலபமாக இருப்பதாகவும், கப்பல் திரும்பும்போதெல்லாம் கிப்லாவைத் தேடுவதுதான் சிரமம் என்றும் எழுதியிருந்தார். கீழே ஒரு கேள்வி: இங்கே நள்ளிரவிலும் வானத்து வெளிச்சம் முழுமையாக மறையவில்லை, இஷாவை எப்போது தொழுவது?

நாம் ஓதிய பாடத்தில் இதற்கு நான்கைந்து கருத்துகள் உண்டு. அவற்றில் எது அங்கே, அந்த அகலாங்கில், அந்த வாரத்துக்குப் பொருந்தும் என்று நமக்குத் தெரியவில்லை. "உறுதியாகத் தெரியவில்லை ஹாஜியார், முஃப்தி ஒருவரிடம் கேட்டு எழுதுகிறோம்" என்று அனுப்பினோம். விடை வர ஐந்து நாள் ஆயிற்று. அதற்குள் அவர்கள் சியாட்டில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.